புதன்கிழமை ஜெபத்தை ஏன் பூட்டினீர்கள்? சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும், சபைக் குழுவில் இருக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும்,

மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும்போது, "சபையின் சமாதானத்தைக் கருதி, நாட்டு நிலைமை சீராகும்வரை புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். அடுத்த அறிவிப்பு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வசனப் போட்டி பற்றியது. அதற்கப்புறம் என்ன பாடினோம், ஆசீர்வாதம் எப்போது சொன்னீர்கள் என்று எதுவும் என் காதில் விழவில்லை.

இதைப் பற்றிப் பேச இரண்டு முறை வந்தேன். முதல் முறை "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள். ஜெபக்கூட்டத்தை ஏன் மூடினீர்கள் என்று கேட்க வந்தவளிடம் ஜெபிக்கச் சொன்னதை நினைத்து வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்புதான் வந்தது. இரண்டாவது முறை "எழுதிக் கொடுங்கள், குழுவில் வைக்கிறோம்" என்றீர்கள். எழுதிவிட்டேன். குழு மட்டுமல்லாமல் சபையில் எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதியிருக்கிறேன்.

தேர்தல் முடிந்த அந்த மாதத்தில் நான் எப்படி இருந்தேன் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. ஞாயிறன்று வழக்கம்போல நல்ல சேலை கட்டி, நல்ல முகத்தோடு வந்து உட்கார்ந்து போனேன். ராத்திரி இரண்டு மணிக்கு போனை எடுத்து என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், அதற்கு இவர் என்ன சொன்னார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், பார்த்தால் கோபம், பார்க்காவிட்டால் பயம், போனைக் கீழே வைத்தாலும் தலைக்குள் யாரோடோ வாக்குவாதம் ஓடிக்கொண்டே இருக்கும். என் தம்பி எதிர்ப்பக்கம். ஒரு நாள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்ட ஒரு செய்திக்கு நான் பதில் போட, அவன் பதிலுக்குப் போட, கடைசியில் நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். அவன் குழுவை விட்டு வெளியேறினான். ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாகிவிட்டதா என்பதைக்கூட அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை.

அந்தச் சமயத்தில்தான் புதன்கிழமை ஜெபத்துக்கு வந்தேன். பக்தியினால் வரவில்லை, வீட்டில் இருக்க முடியாமல் வந்தேன்.

அங்கே என்ன நடக்கும் என்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடும் அந்த அம்மா ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசிப்பார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசக்கூடாது. அப்புறம் ஒவ்வொருவரும் இந்த வாரம் தன்னை எது பயமுறுத்தியது, எது கோபப்படுத்தியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்லக்கூடாது, ஆறுதலும் சொல்லக்கூடாது, வசனமும் எடுத்துவிடக்கூடாது. கடைசியில் ஆட்சியில் இருப்பவர்களுக்காகவும் எதிர்க்கட்சியில் இருப்பவர்களுக்காகவும் பெயர் சொல்லி ஜெபம். இங்கேதான் டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார்: நீ யாருக்கு ஓட்டுப் போடவில்லையோ அவருக்காகத்தான் நீ ஜெபிக்க வேண்டும்.

நான் போன முதல் நாள் வாசித்தது 13ஆம் சங்கீதம். சின்னச் சங்கீதம், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்ற வார்த்தை நான்கு முறை வரும். எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன் என்று தாவீது கேட்கிற இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு நான் செய்துகொண்டிருந்தது அதுதானே. என் முறை வந்தபோது அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்க வாய் வரவில்லை. பெயரைச் சொன்னேன், அதற்குமேல் ஒரு வார்த்தை எழவில்லை. டீச்சர் "ஆமென்" என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விட்டார். இரண்டாவது வாரமும் அதேதான். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ "அவருக்கு நல்ல ஆலோசனைக்காரர்களைக் கொடும்" என்று ஒரு வரி வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன்.

நாட்டில் எதுவும் மாறிவிடவில்லை, சொல்லப்போனால் அதற்கப்புறம்தான் இன்னும் மோசமானது. என் அரசியல் கருத்திலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் நான் எதிர்க்கிற மனிதனை வெறுக்காமல் எதிர்க்க முடிந்தது. தம்பிக்கு நானே போன் செய்தேன். அவன் "என்னக்கா, திடீர்னு" என்றான். அரசியலைத் தொடாமல் பத்து நிமிஷம் பேசினோம், இப்போது தொட்டும் பேசுகிறோம். இன்னும் அதே செய்திகளைத்தான் அனுப்புகிறான், அது வேறு விஷயம்.

சரி, அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன், நீங்கள் முடிவெடுக்கக் காரணமாகச் சொல்வது அதைத்தானே. போராட்டத்துக்குப் போன தன் நண்பனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதாகவும் மூன்று நாளாகத் தகவல் இல்லை என்றும் ஒரு புதன்கிழமை ஜெபத்தில் சபைத் தம்பி ஒருவன் சொன்னான். ஒரு வாக்கியத்தில் நிறுத்த அவனால் முடியவில்லை. எதிரே இருந்த ஒரு அண்ணன் "சட்டத்தை மீறினால் பிடிக்கத்தான் செய்வார்கள்" என்றார். விதி மீறப்பட்டது. சத்தம் எழுந்தது. குரலை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி, இதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். அதை யாரோ போனில் பதிவு செய்து வெளியே அனுப்ப, மறுநாள் சபை முழுக்கப் பேச்சு. ஆனால் அதற்கப்புறம் நடந்தது அந்தப் பதிவில் இல்லை. டீச்சர் எழுந்து விளக்கை அணைத்தார். இருட்டில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அந்த அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார், அந்தத் தம்பியின் நண்பன் பெயரைக் கேட்டார், பெயரைச் சொல்லி ஜெபித்தார். போகும்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள்.

இரண்டு பேரில் யாரையும் கூப்பிட்டு நீங்கள் விசாரிக்கவில்லை. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாளில் கூட்டத்தையே நிறுத்திவிட்டீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் காதில் விழுந்தது: ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம். நல்ல கொள்கை. அப்படியென்றால் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு ஒரு வேட்பாளர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது என்ன? பிரசங்கத்துக்கு முன்னால் அவரை வரவேற்று, "சில நிமிடம்" பேசச் சொல்லி மைக் கொடுத்தது என்ன? பெரியவர்கள் வந்து ஓட்டுக் கேட்டால் அது உபசரிப்பு, ஒரு பையன் நண்பனைக் காணோம் என்று அழுதால் அது அரசியல் என்றால், நீங்கள் வேண்டாம் என்பது அரசியலையா அழுகையையா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அந்த வேட்பாளர் நான் ஓட்டுப் போட்ட கட்சிக்காரர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி சமாதானம் என்கிற அந்த வார்த்தைக்கு வருவோம். அறிவிப்பில் அதைப் போட்டவர்கள் நீங்கள்.

தேவசமாதானம் என்றால் நம் எல்லோருக்கும் பிலிப்பியர் 4ஆம் அதிகாரம் மனப்பாடம். எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் காத்துக்கொள்ளும். காலண்டரில் அச்சடித்து மாட்டியிருக்கிறோம். பிலிப்பி சபைக்கு அந்தக் கடிதத்தை அப்போஸ்தலன் பவுல் எழுதும்போது விலங்கில் இருந்தார் என்பதைக் காலண்டரில் போடுவதில்லை. "காத்துக்கொள்ளும்" என்று அவர் எழுதிய கிரேக்கச் சொல் படைவீரர்கள் கோட்டையைக் காவல் காப்பதற்குச் சொல்லும் சொல் என்பார்கள். தன்னைச் சுற்றிக் காவலர்கள் நிற்க, அந்தக் காவல் வேலையையே எடுத்து சமாதானத்துக்குப் பெயராக வைக்கிறார் மனிதர். சும்மா இருங்கள் என்று சொல்பவர் இப்படி எழுதமாட்டார்.

அந்தப் பிலிப்பி பட்டணத்துக்காரர்களுக்கு பவுல் யார் என்று நன்றாகத் தெரியும். அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. அந்த ஊரில்தான் அவரையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள், நடுராத்திரியில் இரண்டு பேரும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது. பிரசங்கங்களில் இதுவரைக்கும் வரும், அடுத்த நாள் காலை வராது. காலையில் அதிகாரிகள் ஆள் அனுப்பி, அவர்களை விட்டுவிடுங்கள், போகட்டும் என்கிறார்கள். பவுல் போகமாட்டேன் என்கிறார். ரோமராகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்கிறார். வந்தார்கள். ராத்திரி விலங்கோடு பாடிய அதே ஆள்தான் காலையில் நியாயம் கேட்டார். இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தது. எனக்கு இந்த அதிகாரம் விளங்கியதே புதன்கிழமைகளில்தான்.

எரேமியா தீர்க்கதரிசியும் அப்படித்தான். சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்கிறவர்களைத் திட்டியவர் அவர். அவருடைய காலத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொன்னார். ஜனங்களுக்கு அது தேனாக இனித்திருக்கும். எரேமியா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதினார்: எழுபது வருஷம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் இருக்கும். நம் சபை வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கு அனனியாக்கள் அதிகம். இந்த ஆட்சி இத்தனை மாதத்தில் கவிழும், தேவன் எனக்குக் காட்டினார் என்று ஒருவர், இல்லை, இவர்தான் சிறைப்பட்டவர்களை விடுவிக்கத் தேவன் எழுப்பிய கோரேசு ராஜா என்று இன்னொருவர். அதையெல்லாம் யாரும் நிறுத்தவில்லை. எதிரிக்காக ஜெபித்த கூட்டத்தைத்தான் நிறுத்தினீர்கள்.

குழுவில் ஒருவர் "பதினாலு பேர் வருகிற கூட்டம்தானே" என்றாராம். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் லைப்சிக் நகரத்தின் நிக்கோலாய் ஆலயத்தில் ஒவ்வொரு திங்களும் மாலை ஐந்து மணிக்கு சமாதான ஜெபம் நடந்தது, 1982இல் ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் பல வாரங்கள் மிகச் சிலரே வந்தார்கள். ஆலயம் எல்லோருக்கும் திறந்தது என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள், விசுவாசி அவிசுவாசி என்று பார்க்கவில்லை. அரசாங்கம் சபைத் தலைமையை நெருக்கியது, நிறுத்தச் சொன்னது. 1989 அக்டோபர் 9ஆம் தேதி ஆட்சிக் கட்சியே தன் ஆட்களை நூற்றுக்கணக்கில் அனுப்பி ஆலயத்தின் இருக்கைகளை நிரப்பியது, வெளியே ஆயுதத்தோடு படைகள். உளவு பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்து மலைப்பிரசங்கத்தைக் கேட்டார்கள். ஜெபம் முடிந்து வெளியே வந்தால் ஏறக்குறைய எழுபதாயிரம் பேர். கையில் மெழுகுவர்த்தி. பிடிக்க ஒரு கை, காற்றில் அணையாமல் மறைக்க ஒரு கை, கல்லெடுக்கக் கை மிச்சமில்லை என்று அந்த ஆலயத்தின் போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர் பிற்பாடு சொன்னார். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

நம் பதினாலு பேரும் ஆட்சியை மாற்றப் போகிறோம் என்று நான் சொல்ல வரவில்லை, பயந்துவிடாதீர்கள். ஆள் குறைவு, வெளியே நிலைமை சரியில்லை என்கிற இரண்டு காரணமும் அவர்களுக்கும் இருந்தது, அவர்கள் கதவைச் சாத்தவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். இயேசு தம்முடைய பன்னிரண்டு பேரில் ரோமருக்குக் கீழ்ப்பட்ட ஆட்சிக்கு வரி வாங்கிக் கொடுத்த மத்தேயுவையும் வைத்திருந்தார், ரோமரை எதிர்த்த தீவிரக்காரர்களின் பெயரால் செலோத்தே என்னப்பட்ட சீமோனையும் வைத்திருந்தார். அவர்களுக்குள் சண்டை வராமலா இருந்திருக்கும்?

ஜெபம் நின்ற இந்த மூன்று வாரத்தில் என்ன ஆனது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பதினாலு பேரில் இரண்டு பேர் வேறு சபைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தம்பி எங்கேயும் போவதில்லை. போன வாரம் வழியில் பார்த்தேன், "இனிமேல் சர்ச்சில் நான் எதையும் சொல்லமாட்டேன் அக்கா" என்றான். அவனுடைய நண்பன் திரும்பி வந்துவிட்டான், அந்த நல்ல செய்தியைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணக்கூட அவனுக்கு ஒரு இடம் இல்லை. நான் மறுபடியும் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். தனியாகச் சங்கீதம் வாசித்துப் பார்க்கிறேன், உண்மையைச் சொன்னால் பாதி நாள் மனம் நிற்பதில்லை. எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தலைவருக்காக ஜெபிப்பதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்தது தனியறையில் கிடைக்கவில்லை.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை ஜெபத்தை வருகிற வாரமே திறக்க வேண்டும். "நிலைமை சீரானதும்" என்கிற நிபந்தனை வேண்டாம், எந்த நாட்டில் எந்தக் காலத்தில் நிலைமை சீராக இருந்திருக்கிறது? நடத்தும் பொறுப்பு டீச்சரிடமே இருக்கட்டும். போன் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள், அதற்கு நாங்கள் எல்லோரும் சம்மதம். குழுவிலிருந்து யாராவது ஒருவர் முறை வைத்து வரவேண்டும், கண்காணிக்க வேண்டாம், எங்களோடு உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

அந்தத் தம்பியையும் அந்த அண்ணனையும் டீச்சரையும் போதகர் ஐயா நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அலுவலக அறைக்குக் கூப்பிட்டு அனுப்பக்கூடாது. கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்று சொல்ல வேண்டும்.

ஞாயிறு மன்றாட்டில், ஆட்சியில் இருப்பவர்களுக்கும் எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும் அவர்களைக் காவல் காப்பவர்களுக்கும் சேர்த்து ஜெபம் இருக்க வேண்டும். புலம்பல் சங்கீதங்களையும் ஆராதனையில் வாசியுங்கள், 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டதுதான், நாம் துதியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எந்தக் கட்சி வேட்பாளருக்கும் இனி ஆலயத்தில் மைக் கிடையாது என்று தீர்மானம் போட்டு, அதை அறிவிப்பில் வாசிக்க வேண்டும். அவர்கள் வரட்டும், எல்லோரையும் போல உட்காரட்டும். சபை வாட்ஸ்அப் குழுவில் ஆட்சி எப்போது கவிழும் என்று தீர்க்கதரிசனம் அனுப்புகிறவர்களிடம், முக்கியமாக அவர்கள் குழு உறுப்பினர்களாக இருந்தால், நிறுத்தச் சொல்லுங்கள்.

பதில் எழுத்தில் வேண்டும், அடுத்த ஞாயிறுக்குள்.

எப்படியும் இந்தப் புதன் மாலை ஏழு மணிக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் வருவோம். கதவு பூட்டியிருந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து 13ஆம் சங்கீதம் வாசிப்போம். அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவதாக அந்த அண்ணன் சொல்லியிருக்கிறார். சாவி உங்களில் யாரிடம் இருக்கிறதோ அவர் கொஞ்சம் முன்னாலேயே வந்தால், டீச்சருக்கு உட்கார ஒரு நாற்காலியாவது எடுத்துப் போடலாம், அவருக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
புதன்கிழமை கடைசி வரிசையில் உட்காரும் உங்கள் சகோதரி